பழைய வரலாற்று நூல்கள்: தேடுவோரும் சேர்ப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய புத்தகக் கடைகளில் வரலாற்று அடுக்கின் முன் நிற்பவர்களிடமிருந்து நான் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. வரலாற்று நூல் இரண்டு காலங்களைத் தாங்கி நிற்கிறது: அது பேசும் காலம் ஒன்று, அது எழுதப்பட்ட காலம் மற்றொன்று. கீழே உள்ள விடைகளில் பல இந்த இரண்டாவது காலத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

வரலாறு படிக்கப் புதிய நூல் வாங்குவதுதானே சரி? பழைய நூலில் தகவலும் பழையதாகத்தானே இருக்கும்?

ஒரு துறைக்குள் முதன்முதலாக நுழைகிறவர் அண்மையில் வெளிவந்த நல்ல நூல் ஒன்றிலிருந்து தொடங்குவதே நல்லது. அந்த நூலின் அடிக்குறிப்புகளை ஊன்றிப் பார்க்கத் தொடங்கும்போதுதான் பழைய புத்தகக் கடை தேவைப்படும். புதிய ஆசிரியர் மேற்கோள் காட்டும் கல்வெட்டுத் தொகுப்புகள், அகழாய்வு அறிக்கைகள், பயணக் குறிப்புகள், நிருவாக அறிக்கைகள் ஆகியவற்றில் பல ஒருமுறை அச்சாகி நின்றுவிட்டவை. அவற்றை அவருடைய சுருக்கத்தின் வழியாக அறிவதும் நாமே படிப்பதும் ஒன்றல்ல.

கடையில் ஒரு நூலைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அட்டையில் உள்ள சொற்கள் நூலை விற்பதற்காக எழுதப்படுபவை. கடைசி நாற்பது ஐம்பது பக்கங்களோ ஆசிரியர் உண்மையில் எதைப் படித்துவிட்டு எழுதினார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லடைவு இருக்கிறதா, நூற்பட்டியலில் மூல ஆவணங்கள் தனியே பிரித்துக் காட்டப்பட்டுள்ளனவா, அடிக்குறிப்புகள் ஆவணத்தின் பெயரையும் எண்ணையும் தருகின்றனவா அல்லது வேறு நூல்களை மட்டுமே சுட்டிவிட்டு நகர்கின்றனவா என்று பாருங்கள். நூற்பட்டியலில் காணும் மிக அண்மைய ஆண்டையும் கவனியுங்கள். 1978 இல் அச்சான நூலின் பட்டியல் 1955 உடன் நின்றுபோயிருந்தால், அந்த நூலின் அறிவு 1955 ஐச் சேர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே நன்கு தெரிந்த ஓர் ஊரையோ போரையோ மனிதரையோ சொல்லடைவில் தேடி, அந்தப் பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். தேதிகள் சரியாக இருந்து, ஐயத்துக்குரிய இடத்தில் அந்த ஐயத்தை ஆசிரியர் மறைக்காமல் சொல்லியிருந்தால், உங்களுக்குத் தெரியாத பகுதிகளிலும் அவரைப் பின்தொடரலாம். தெரிந்த இடத்திலேயே இடறுகிறவரைத் தெரியாத இடத்தில் நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை. கடைக்காரர் முகம் சுளிப்பதற்குள், அதாவது ஐந்து நிமிடங்களுக்குள், இவ்வளவையும் செய்து முடிக்க முடியும்.

சொல்லடைவே இல்லாத பெரிய வரலாற்று நூல் ஒருமுறை படித்துக் கடப்பதற்கு உதவுமே தவிர, அலமாரியில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போதெல்லாம் புரட்டுவதற்கு உதவாது என்பது என் கருத்து. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

எந்த ஆண்டு நூல் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே பக்கத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் அச்சிட்டிருக்கிறார்களே?

உள்ளடக்கம் திருத்தப்பட்டிருந்தால் அது புதிய பதிப்பு. அதே பக்கங்கள் மீண்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது வெறும் மறு அச்சு. பல பதிப்பகங்கள் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிடுவதால், முன்னுரைகளின் தேதியைப் பார்ப்பதே பாதுகாப்பான வழி. 'இரண்டாம் பதிப்பின் முன்னுரை' என்று ஒன்று இருந்து, அதில் என்னென்ன மாற்றப்பட்டன என்றும் சொல்லப்பட்டிருந்தால், அது உண்மையிலேயே திருத்திய பதிப்பு. விவரப் பக்கத்தின் அடியில் ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் வரிசையாக இருந்தால், அவற்றில் எஞ்சியுள்ள மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும்.

ஐஎஸ்பிஎன் எனப்படும் நூல் எண்ணும் உதவும். அது 1970 இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. 2007 தொடக்கத்தில் பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்று இலக்கத்துக்கு மாறியது. தலைப்புப் பக்கத்தில் 1905 என்றும் பின்னட்டையில் இந்த எண்ணும் இருந்தால், உங்கள் கையில் இருப்பது பழைய பக்கங்களைப் படமெடுத்து அண்மைக் காலத்தில் அச்சிட்ட நகல். எண்ணே இல்லாததால் மட்டும் ஒரு நூல் 1970 க்கு முற்பட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறு பதிப்பகங்கள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் எண் பெறாமலே வெளியிட்டு வந்தன.

முதற்பதிப்பு வாங்குவதா, திருத்திய பதிப்பு வாங்குவதா?

படிப்பதற்கு என்றால், ஆசிரியர் தம் கையாலேயே கடைசியாகத் திருத்திய பதிப்பு. அவருடைய கருத்து எப்படி மாறியது என்பதே உங்கள் ஆர்வம் என்றால் மட்டும் இரண்டும் வேண்டும். முதற்பதிப்பு என்பதற்காகவே கூடுதல் விலை கொடுப்பது இலக்கியச் சேகரிப்பாளர்களின் பழக்கம். வரலாற்று நூலில் அது பிழைகள் மிகுந்த வடிவத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதாக முடியவும் கூடும்.

ஒரு நூல் காலாவதியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாப் பழைய நூலும் காலாவதிதானா?

நூலின் வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் துறையில் புதிய சான்று எந்த ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது என்பதும், நூல் அதற்கு முன் எழுதப்பட்டதா பின் எழுதப்பட்டதா என்பதும்தான் கணக்கு. இந்தியப் பண்டை வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அசோகரின் பிராமிக் கல்வெட்டுகளை ஜேம்ஸ் பிரின்செப் 1837 இல் படித்தறிந்தார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் 1905 இல் சாமசாஸ்திரியின் கைக்குச் சுவடியாக வந்து 1909 இல் அச்சேறியது. அசோகர் என்ற பெயரையே தாங்கிய மஸ்கி கல்வெட்டு 1915 இல் கிடைத்தது. சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் 1924 இல்தான் உலகுக்கு அறிவித்தார். ஆகவே 1900 இல் எழுதப்பட்ட மௌரியர் வரலாற்றில் அர்த்தசாஸ்திரத்தின் உரை கையாளப்பட்டிருக்க முடியாது. 1920 இல் எழுதப்பட்ட இந்திய வரலாற்றில் அரப்பாவின் காலமும் தன்மையும் இருக்க முடியாது. அது அந்த ஆசிரியர்களின் குறை அன்று. ஆனாலும் வாசகர் அதை அறிந்தே படிக்க வேண்டும். இதுபோலவே, கிரேக்கத்தின் வெண்கலக் காலம் பற்றிய நூல் எதுவானாலும், மைக்கேல் வென்ட்ரிஸ் 1952 இல் லீனியர் பி எழுத்தைப் படித்தறிந்ததற்கு முந்தையதா பிந்தையதா என்று பார்த்துவிட்டே திறக்க வேண்டும்.

தொல்லியல் நூல்களில் இன்னொரு கண்ணி உண்டு. வில்லார்டு லிபியின் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முறை 1949 இல் வெளிவந்தது. மரவளையங்களோடு ஒப்பிட்டு அந்தக் காலங்களைத் திருத்தும் வழக்கமோ 1960களின் பிற்பகுதியிலிருந்துதான் படிப்படியாக வேரூன்றியது. இடைப்பட்ட காலத்து நூல்களில் காணும் கரிமத் தேதிகள் அறிவியலின் தோற்றத்தோடு இருந்தாலும் திருத்தப்படாதவை. மிகப் பழங்காலத்தைப் பொறுத்தவரை நூற்றாண்டுக் கணக்கில் பிசகுபவை. முற்றிலும் பழைய நூலைவிட இத்தகைய பாதிப் புதிய நூலே எளிதில் ஏமாற்றும்.

அண்மைக் கால வரலாற்றில் ஆவணக் காப்பகங்கள் திறந்த ஆண்டுகள்தான் எல்லைக்கற்கள். ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை நேச நாடுகள் பேரளவில் படித்துவந்த செய்தி 1974 இல் பரவலாக வெளிப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட இரண்டாம் உலகப்போர் நூல்கள் பல வெற்றிகளுக்கு வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தன. இந்தியாவுக்கு அதிகாரம் கைமாறியது தொடர்பான பிரித்தானிய அரசு ஆவணங்கள் 1970 க்கும் 1983 க்கும் இடையில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. சோவியத் காப்பகங்களின் கதவுகள் 1991 ஐ ஒட்டித் திறந்தன. உங்கள் துறைக்கு இப்படி ஐந்தாறு ஆண்டுகளை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டால், கடையில் நின்று தயங்கும் நேரம் பாதியாகக் குறையும்.

இவற்றால் தொடப்படாத பகுதிகளும் உண்டு. கல்வெட்டு வாசகங்கள், அளவீடுகள், புள்ளிவிவர அட்டவணைகள், பின்னால் அழிந்துபோனவற்றின் ஒளிப்படங்கள் ஆகியவை காலாவதியாவதில்லை. பாமியான் புத்தர் சிலைகள் 2001 இல் தகர்க்கப்பட்டன. நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு அணைநீருக்குள் போய்விட்டது. அவற்றை நேரில் கண்டு அளந்தவர்களின் பழைய நூல்களுக்குப் பதிலாக வைக்கக்கூடிய புதிய நூல் இனி வரப்போவதில்லை.

தவறு என்று உறுதியாகத் தெரிந்த நூலை வாங்குவதில் பயன் உண்டா?

உண்டு, அளவோடு. இங்கிலாந்தில் கிடைத்த ஆதிமனித மண்டையோடு என்று 1912 இல் அறிவிக்கப்பட்ட 'பில்ட்டவுன் மனிதன்' 1953 இல் மோசடி என்று மெய்ப்பிக்கப்பட்டது. இடையில் எழுதப்பட்ட மனித வரலாற்று நூல்கள் அந்த மண்டையோட்டை எப்படிக் கையாண்டன என்பது, அறிஞர்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதற்குச் சான்று. 1940 இல் ரஷ்யாவின் காட்டின் (Katyn) என்னும் ஊரையொட்டிய வனத்தில் போலந்து அதிகாரிகள் கொல்லப்பட்டதை ஜெர்மானியர் செயல் என்றே சோவியத் நூல்கள் எழுதிவந்தன; 1990 இல்தான் சோவியத் அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டது. அந்த நூல்கள் 1940 ஐப் பற்றி எதுவும் கற்பிக்கவில்லை. அவை அச்சான ஆண்டுகளைப் பற்றி நிறையவே கற்பிக்கின்றன.

ஆனால் ஒரே பொய்யைச் சொல்லும் பத்து நூல்கள் தேவையில்லை, ஒன்றிரண்டு போதும். வாங்கினால், முதல் பக்கத்துக்குள் ஒரு துண்டுத்தாளில் இந்நூல் ஏன் வாங்கப்பட்டது என்று எழுதி வையுங்கள். உங்கள் அலமாரியிலிருந்து அதை எடுத்துப் படிக்கப்போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் துண்டுத்தாள் கட்டாயம் தேவைப்படும்.

பக்கங்கள் எல்லாம் பழுப்பாகிவிட்டன. வாங்கலாமா?

நிறத்தைவிட வலிமையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதம் பெரும்பாலும் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. அதன் பிறகு மரக்கூழ் பரவியது. மரக்கூழில் எஞ்சும் லிக்னினும், மை பரவாமல் இருக்கச் சேர்த்த படிகாரமும் உண்டாக்கும் அமிலம் காகித இழைகளை உள்ளிருந்தே அறுக்கின்றன. அதனால்தான் 1780 இல் அச்சான பக்கம் வெண்மையாகவும், 1930 இல் அச்சான பக்கம் தொட்டால் உதிர்வதாகவும் இருப்பது அரிதன்று. ஒரு பக்கத்தை மெல்லப் புரட்டும்போது அது வளைந்து கொடுத்தால் வாங்கலாம். அட்டைபோல் விறைத்துத் தையலோரம் விரிசல் விட்டால், அந்த நூலை இன்னும் சில முறைதான் படிக்க முடியும். மூலையை மடித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கடையில் செய்யாதீர்கள். அது மற்றவருடைய பொருள்.

வட்டத்துக்குள் முடிவிலிக் குறி அச்சிடப்பட்ட பிற்கால நூல்கள் நீடித்துழைக்கும் அமிலமற்ற தாளில் அச்சானவை.

பூச்சி, பூஞ்சணம் இருந்தால் என்ன செய்வது?

இராமபாணம் துளைத்த நூலில் துளைகள் இருப்பது பொருட்டல்ல, பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. நூலைத் தட்டினால் மாவுபோல் தூள் புதிதாக உதிர்ந்தால் ஐயப்படுங்கள். காற்றுப் புகாத உறையில் இட்டு உறைநிலைப் பெட்டியில், மைனஸ் 18 பாகை செல்சியசிலோ அதற்கும் கீழான குளிரிலோ, இரண்டு வாரம் வைத்தெடுத்து, உறையைப் பிரிக்காமலேயே அறையின் வெப்பத்துக்கு வரவிட்டால் பூச்சி பெரும்பாலும் ஒழிந்துவிடும். தோல் அட்டையோ ஒட்டிய படங்களோ உள்ள அரிய நூலுக்கு இதை வீட்டில் செய்யாமல், வல்லுநரிடம் கேளுங்கள்.

பூஞ்சணம் வேறு. ஈரமும் வாடையும் உள்ள நூலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது மற்ற நூல்களையும் கெடுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், நல்ல நூலையும் சுவரை ஒட்டி வைக்காமல் பின்னால் காற்றோடும்படி வைக்க வேண்டும். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தை மறைத்துவிடும். ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணியால் கட்டப்பட்ட சில நூல்களின் நிறமியில் ஆர்சனிக் நஞ்சு உண்டு. அத்தகைய நூலைக் கையுறையோடு எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

நூல் முழுமையாக இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பக்க எண்களைவிட முன்னால் படங்களையும் வரைபடங்களையும் எண்ணுங்கள். அவை தனித்தாளில் அச்சாகி இடையில் ஒட்டப்படுவதால் பக்க எண் வரிசையில் சேராமல் இருக்கும். ஒன்று காணாமல் போனாலும் பக்க எண்கள் தொடர்ந்து சரியாகவே இருக்கும். பொருளடக்கத்தை அடுத்து உள்ள படங்களின் பட்டியலோடு ஒப்பிடுவதே வழி. மடித்து வைக்கப்பட்ட பெரிய வரைபடம்தான் பெரும்பாலும் காணாமல் போகும். பழைய வரைபடங்கள் தனித்தனியாக நல்ல விலைக்குப் போவதால், நூலை உடைத்து அவற்றை மட்டும் விற்பவர்கள் உண்டு. 2005 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பிடிபட்ட வரைபட வணிகர் ஒருவர், பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். தையலோரம் கத்தியால் நேராக அறுத்த தடம் தெரிந்தால் அந்த நூலை வைத்துவிடுங்கள்.

பல தொகுதி நூலில் ஒரு தொகுதி மட்டும் கிடைக்கிறது. மற்றவை பிறகு கிடைக்கும் என்று வாங்கலாமா?

அந்த ஒரு தொகுதியே உங்களுக்குப் போதுமானது என்றால் வாங்குங்கள். காந்தியின் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பு நூறு தொகுதிகள் கொண்டது. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் கடிதங்கள் வேண்டுவோருக்கு அதன் ஒரு தொகுதி முழு நூலுக்குச் சமம். தொடர்ச்சியாகப் படிக்க வேண்டிய வரலாற்றின் நான்காம் தொகுதியோ தனித்து நின்றால் ஊமையாகிவிடும். விடுபட்ட தொகுதியைத் தேடிச் சேர்க்கும் செலவு, பெரும்பாலும் முழு வரிசையை ஒரே இடத்தில் வாங்கும் செலவைத் தாண்டிவிடும். பதிப்பும் கட்டும் பொருந்தாது.

ஒரே தொகுதியாக அடக்கமாகக் கிடைப்பது சுருக்கப் பதிப்பா என்றும் பாருங்கள். ஆர்னால்டு டாயின்பியின் பன்னிரண்டு தொகுதி வரலாற்று ஆய்வில் முதல் ஆறு தொகுதிகளை டி. சி. சோமர்வெல் ஒரே நூலாகச் சுருக்கினார். அதுவே பரவலாகப் படிக்கப்பட்டது. சுருக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வரலாற்று நூல்களின் சுருக்கங்களில் முதலில் பலியாவது அடிக்குறிப்புகள்தான்.

முந்தைய உரிமையாளர் கோடு போட்டு, ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அது குறையா?

மையில் இட்ட அடிக்கோடு மட்டும் என்றால் குறை. அறிந்தவர் ஒருவர் ஆசிரியரோடு வாதிட்டு ஓரத்தில் எழுதிய குறிப்பு என்றால், நூலோடு ஒரு மதிப்புரையும் சேர்ந்து கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பெயரும் தேதியும் உள்ள கையெழுத்தை அழிக்காதீர்கள். ஆண்டு அச்சிடப்படாத நூல் எப்போதைக்கு முன் வெளிவந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்றாகலாம்.

நூலக முத்திரை இருக்கிறது. திருட்டு நூலாக இருக்குமோ?

நூலகங்கள் முறையாகக் கழித்த நூல்கள் ஏராளமாகச் சந்தைக்கு வருகின்றன. கழிக்கப்பட்டதற்கான முத்திரையோ, நூலகப் பதிவெண்ணின் மேல் அடித்த கோடோ இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. முத்திரை மட்டும் இருந்து கழித்த அடையாளம் இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். நூல் அரியதாகவும் நூலகம் இன்னும் இயங்குவதாகவும் இருந்தால் நூலகத்திடமே கேளுங்கள். முத்திரை சுரண்டப்பட்டிருந்தால் கேள்வியே வேண்டாம், வாங்காதீர்கள். கையெழுத்துச் சுவடிகளும் அரசுக் கோப்புகளும் பழைய நூல்களோடு கலந்து விலைக்கு வருவது உண்டு. அவற்றை வாங்குவதற்கும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதற்கும் பல நாடுகளில் தனிச் சட்டங்கள் இருப்பதால், அவற்றை நூலாக எண்ணி வாங்கிவிடக் கூடாது.

'இது மிகவும் அரிய நூல்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

கிடைக்காமல் இருப்பதும் தேடப்படுவதும் வெவ்வேறு. யாரும் தேடாததால் எங்கும் கிடைக்காத நூல்கள் வரலாற்றுத் துறையில் ஏராளம். முடிவெடுக்குமுன் பெரிய நூலகங்களின் இணையப் பட்டியல்களில் எத்தனை படிகள் உள்ளன என்றும், வேறு விற்பனையாளர்கள் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 'பழையது' என்பது தன்னளவில் விலைக்குக் காரணமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பாடத்துக்காகப் பெருமளவில் அச்சான வரலாறுகள் வயது நூறைத் தாண்டியும் மலிவாகவே கிடைக்கின்றன.

இணையத்தில் ஸ்கேன் செய்த பிரதி இலவசமாகக் கிடைக்கும்போது நூல் எதற்கு?

பல நூல்களுக்குத் தேவையே இல்லை. சேகரிப்புக்கு எல்லை வகுக்க ஸ்கேன் பிரதியே சிறந்த துணை. ஒருமுறை மட்டும் புரட்ட வேண்டிய அறிக்கையை வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இப்போது எவருக்கும் இல்லை. ஆனால் முடிவெடுக்குமுன் ஸ்கேனைத் திறந்து பாருங்கள். மேலே சொன்ன மடிப்பு வரைபடங்களை விரிக்காமலேயே படமெடுத்துவிட்ட பிரதிகள் நிறைய உண்டு. நுண்ணிய ஒளிப்படங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும். வரைபடமும் படங்களும் உயிர்நாடியாக உள்ள நூல்களைத் தாளிலும், உரைநடை மட்டுமே உள்ளவற்றைத் திரையிலும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மொத்தம் எத்தனை நூல்கள் வைத்திருக்கலாம்? இடம் இருக்கும் வரை வாங்கலாம் அல்லவா?

இடம் மூன்றாவது எல்லைதான். முதல் எல்லை படிக்கும் நேரம். கனமான வரலாற்று நூல்களை மாதத்துக்கு இரண்டு என்று விடாமல் படிப்பவர் இருபது ஆண்டுகளில் 480 நூல்களை முடிப்பார். உசாத்துணையாக மட்டும் பயன்படுபவற்றை அதற்கு மேல் சேர்த்துக்கொண்டாலும், ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர் படிப்பதற்காக வாங்கவில்லை என்பதைக் கணக்கே சொல்லிவிடும். இரண்டாவது எல்லை கண்டெடுக்கும் திறன். தம்மிடம் இருப்பது தெரியாமல் அதே நூலை மீண்டும் வாங்கத் தொடங்கியவரின் சேகரிப்பு அவர் கைமீறிப் போய்விட்டது. கெட்டி அட்டை நூல்கள் ஒரு மீட்டர் நீளத்துக்கு 25 முதல் 40 கிலோ வரை கனக்கும் என்பதால், அலமாரியும் தரையும் தாங்குமா என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகே வருகிறது.

எல்லை வகுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சர் தாமஸ் பிலிப்ஸ் (1792–1872) தெளிவான சான்று. உலகில் உள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு படி தம்மிடம் இருக்க வேண்டும் என்று விரும்பிய இந்த ஆங்கிலேயர், ஏறத்தாழ 60,000 கையெழுத்துச் சுவடிகளையும் பல்லாயிரம் அச்சு நூல்களையும் கடன்பட்டுச் சேர்த்தார். குப்பைக்குப் போகவிருந்த ஆவணங்கள் பல அவரால் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் வீடு குடியிருக்க இயலாததாயிற்று. அவர் இறந்த பின் அந்தச் சேகரிப்பை விற்றுத் தீர்க்கவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அப்படியானால் என் சேகரிப்புக்கு எல்லையை எப்படி வகுப்பது?

நீங்கள் சேர்ப்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். 'வரலாறு' என்பது எல்லை ஆகாது. 'இந்திய வரலாறு' என்பதும் ஆகாது. 'பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றி 1950 க்குப் பின் வந்தவை' என்பது எல்லை. இப்படி இடம், காலம், பொருள் ஆகிய மூன்றில் இரண்டையாவது கட்டிப்போட்டால், கடையில் கண்ணில் படும் நூல்களில் பெரும்பாலானவை தாமாகவே விலகிக்கொள்ளும். விடையைத் தேடும் ஒரு கேள்வியையே எல்லையாக வைப்பது இதைவிட நல்லது. கேள்விக்கு விடை கிடைத்ததும் சேகரிப்பும் நின்றுவிடலாம்.

எல்லைக்கு வெளியே உள்ள நூல் மீது ஆசை வராமல் இராது. அதற்கு ஓர் அடுக்கை மட்டும் ஒதுக்கி, அது நிறைந்த பின் ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதி இல்லாமல் எல்லை வகுத்தவர்கள் ஓராண்டுக்குள் அதை மீறியதையே பார்த்திருக்கிறேன்.

படிக்காத நூல்கள் நிறைய இருக்கின்றன. குற்ற உணர்வாக இருக்கிறது. என்ன செய்வது?

அகராதியை முழுக்கப் படிக்காததற்காக எவரும் வருந்துவதில்லை. கல்வெட்டுத் தொகுப்பும் ஆவணத் தொகுதியும் அதே இனம்; அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். எஞ்சியவற்றை இரண்டாவது விடையில் சொன்ன முறையில் வீட்டிலேயே ஒருமுறை சோதியுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னும் படிக்கத் தூண்டாத நூல், வாங்கிய நாளின் ஆர்வத்தால் மட்டுமே உங்களிடம் இருக்கிறது.

எதை நீக்குவது என்று எப்படி முடிவு செய்வது? நீக்கிய பிறகு தேவைப்பட்டால்?

எளிதில் மீண்டும் கிடைப்பதை முதலில் நீக்குங்கள்: அச்சில் உள்ளவை, நல்ல ஸ்கேன் உள்ளவை, எந்த நூலகத்திலும் காணக்கூடிய பொது வரலாறுகள். உங்கள் எல்லைக்குள் இருந்தாலும், பிந்தைய நூல் ஒன்றால் முழுவதும் விழுங்கப்பட்டவை அடுத்து. மடிப்பு வரைபடம் சிதையாமல் இருப்பதும், எங்கும் மறு அச்சாகாததும் கடைசி வரை இருக்கட்டும். நீக்கியவற்றில் ஒன்றிரண்டு பின்னால் தேவைப்படத்தான் செய்யும். அவற்றைத் திரும்ப வாங்கும் செலவு, ஐந்நூறு நூல்களைத் தூசு தட்டிப் பூச்சியிலிருந்து காக்கும் செலவோடு ஒப்பிட்டால் சிறிதுதான்.

ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு நூல்கள் நேரெதிராகச் சொல்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

இரண்டையும் வைத்துக்கொள்வதற்கு இது நல்ல காரணம். ஆனால் முதலில் அவை ஒரே சான்றைப் பார்த்தனவா என்று அடிக்குறிப்புகளில் பாருங்கள். சான்று வேறுபட்டால், காலாவதி பற்றிய கேள்விக்குச் சொன்ன ஆண்டுக் கணக்கே பெரும்பாலும் முடிவைத் தந்துவிடும்; காப்பகம் திறந்த பின் எழுதியவருக்கு முன்னுரிமை. ஒரே சான்றைப் பார்த்து வேறுவேறு முடிவுக்கு வந்திருந்தால் ஆண்டு உதவாது; பிந்தையவர் சரி என்று கொள்ளவும் கூடாது. அப்போது இருவரும் மேற்கோள் காட்டும் ஆவணத்தையே தேட வேண்டும். அது ஒரு பழைய தொகுதியில் அச்சாகியிருந்தால், எல்லைக்கு வெளியே வாங்குவதற்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்குப் பிறகு இந்த நூல்கள் என்ன ஆகும்? நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் அல்லவா?

நூலகங்கள் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. தம்மிடம் உள்ள நூலின் இன்னொரு படி அவர்களுக்குச் சுமை. இடம், பட்டியலிடும் உழைப்பு, பராமரிப்பு மூன்றுமே செலவு. ஏற்றுக்கொள்ளப்படுவது பெரும்பாலும் எல்லை தெளிவாக உள்ள சேகரிப்பு. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும், அவர் 1992 இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தன. வேறெங்கும் ஒருசேரக் காண முடியாத ஒரு வகை அங்கே ஒரே இடத்தில் சேர்ந்திருந்ததே அதற்குக் காரணம்.

கொடுக்க எண்ணினால் இப்போதே பட்டியல் எழுதத் தொடங்குங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பின் ஆண்டு, தொகுதி எண், குறைகள், வாங்கிய காரணம் ஆகியவை ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரியில் இருந்தால் போதும். நூலகத்திடம் முதலில் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். மூட்டைகளைக் கொண்டுபோய் வாசலில் இறக்காதீர்கள். அவர்கள் வேண்டாம் என்று கோடிட்டுத் திருப்பித் தருபவற்றை, அடுத்த வாசகருக்குக் கிடைக்கட்டும் என்று பழைய புத்தகக் கடைக்கே கொடுக்கலாம். கொடுக்குமுன், தவறான நூல்களுக்குள் செருகிய துண்டுத்தாள்களை மட்டும் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.